காஷ்மீர் கிரேட் லேக்ஸ் 2026: "திறந்தாச்சு" என்கிறார்கள், உண்மையில் எது திறந்திருக்கிறது?

தேனிநடை:
எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் ஐந்து பேர், பள்ளிக்கூடத்துத் தோழிகள், எல்லோருக்கும் நாற்பதைத் தாண்டிவிட்டது. 2025 ஜூலையில் காஷ்மீர் கிரேட் லேக்ஸ் என்ற, மலை ஏரிகளைத் தொட்டுப் போகும் நடைப்பயணம் போவதென்று முடிவு செய்து, முந்தைய டிசம்பரிலேயே பணம் கட்டி, வாராவாரம் ஏதாவது ஒரு மலையில் ஏறி இறங்கித் தயாரானோம். ஏப்ரல் 22-ல் பஹல்காம் பக்கத்துப் பைசரன் புல்வெளியில் 26 பேர் கொல்லப்பட்டதும் எல்லாம் நின்றது. ஏற்பாட்டாளரிடமிருந்து மே மாதம் இரண்டே வரியில் ஒரு மின்னஞ்சல்: இந்த சீசனில் கிடையாது, கட்டிய பணத்தை அடுத்த வருடத்துக்கு மாற்றிக்கொள்ளலாம்.

இப்போது அந்த அடுத்த வருடம் வரப்போகிறது. செய்தியில் அடிக்கடி "சுற்றுலாத் தலங்கள் மீண்டும் திறப்பு" என்று வருகிறது. ஏற்பாட்டாளரிடம் கேட்டால் "பாசிட்டிவாக இருக்கிறோம் மேடம்" என்கிறார். அதற்கு என்ன அர்த்தம்? ஜூலை 2026-க்கு நம்பி விமான டிக்கெட் எடுக்கலாமா? இந்த 2025 டிசம்பர் நிலவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். வீட்டில் ஒரு பக்கம் அம்மா, "மலை ஏறணும்னா கொடைக்கானல் இல்லையா" என்று ஆரம்பித்துவிட்டார்.

பனிக்காலணி:
தேனிநடை அக்கா, டிக்கெட் இப்போது எடுக்காதீர்கள். காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்தத் "திறப்பு" செய்திகளை எல்லோரும் தப்பாகத்தான் படிக்கிறார்கள்.

பைசரன் நடந்து ஒரு வாரத்தில் ஜம்மு காஷ்மீர் அரசு 87 சுற்றுலா இடங்களில் 48-ஐ மூடியது. தூத்பத்ரி, யூஸ்மார்க், தோசமைதான், ஆஹர்பல், கௌசர்நாக், பங்கஸ், சிந்தன் டாப், மர்கன் டாப் என்று நீளமான பட்டியல். ஸ்ரீநகரின் தால் ஏரி, குல்மார்க், சோன்மார்க், பஹல்காம் ஊர் எல்லாம் அந்தப் பட்டியலில் இல்லை. அதனால் "காஷ்மீரே மூடப்பட்டது" என்று அப்போது சொன்னதும் சரியில்லை, இப்போது "காஷ்மீர் திறந்துவிட்டது" என்று சொல்வதும் சரியில்லை.

ஜூன் நடுவில் துணைநிலை ஆளுநர் மனோஜ் சின்ஹா 16 இடங்களைத் திறப்பதாக அறிவித்தார். பேத்தாப் பள்ளத்தாக்கு, வெரிநாக், கோகர்நாக், அச்சபல் தோட்டங்கள், ஸ்ரீநகரில் பாதாம்வாரி. பெயர்களைப் பாருங்கள், பாதிக்கு மேல் பூங்கா. சுற்றுச்சுவர், வாசல், டிக்கெட் கவுண்டர் உள்ள இடங்கள். செப்டம்பர் 29-லிருந்து இன்னும் 12. அதில்தான் பஹல்காம் பக்கத்து ஆரு பள்ளத்தாக்கு வந்தது.

நமக்கு விஷயம் இங்கேதான். அரசுப் பட்டியலில் இருப்பவை பெரும்பாலும் கார் போய் நிற்கும் இடங்கள். நாம் போவது ஒரு கோடு. சோன்மார்க்கில் தொடங்கி நிச்நை கணவாய் ஏறி, விஷன்சர், கிஷன்சர் ஏரிகளைப் பார்த்து, ஏறக்குறைய 4,200 மீட்டரில் காட்சர் கணவாயைத் தாண்டி, சத்சர், கங்கபல் வழியாக நாராநாக்கில் இறங்க வேண்டும். எழுபது கிலோமீட்டருக்கு மேல். தொடங்கும் சோன்மார்க் ஒருநாளும் மூடப்படவில்லை. இறங்கும் நாராநாக் அந்த 48-ல் இருந்தது! நடுவில் இருக்கும் ஏரிகள் திறந்த பட்டியலிலும் இல்லை, மூடிய பட்டியலிலும் இல்லை, ஏனென்றால் பட்டியல் போடுகிறவர்கள் கணக்கில் அவை "சுற்றுலாத் தலம்" கிடையாது. அப்படியானால் அனுமதி உண்டா? 2025-ல் கிடையாது. யாரும் தனியாக "ட்ரெக்கிங் தடை" என்று பெரிய எழுத்தில் அறிவித்து நான் பார்க்கவில்லை, ஆனால் அனுமதிச் சீட்டு கொடுக்கவில்லை, அவ்வளவுதான். அனுமதி இல்லாமல் போனால் முதல் சாவடியிலேயே திரும்ப வேண்டியதுதான்.

அதனால் ஏற்பாட்டாளரிடம் "காஷ்மீர் திறந்துவிட்டதா" என்று கேட்காதீர்கள். "நாராநாக்கில் இறங்க விடுகிறார்களா, காட்சரில் முகாம் போட எழுத்தில் அனுமதி வந்ததா" என்று கேளுங்கள். பதில் வேறு மாதிரி வரும்.

சந்தேகசாமி:
எல்லாம் சரி. ஆனால் பைசரன் அன்றைக்குத் திறந்துதானே இருந்தது? பட்டியலில் "திறந்தது" என்று போட்டால் பாதுகாப்பானது என்று அர்த்தமா? அங்கே அன்று ஒரு காவலர்கூட இல்லை. காரே போகாத இடம், நடந்தோ குதிரையிலோதான் போக முடியும். பிறகு என்னென்ன சொன்னார்கள் என்று ஞாபகம் இருக்கிறதா? பாதுகாப்புப் படைக்குத் தெரிவிக்காமலே திறந்துவிட்டார்கள், வழக்கமாக ஜூனில் அமர்நாத் யாத்திரையை ஒட்டித்தான் திறப்பது என்று அனைத்துக் கட்சிக் கூட்டத்தில் சொல்லப்பட்டதாகச் செய்தி. பஹல்காம் ஊர்க்காரர்களோ, அது வருடம் முழுக்கத் திறந்திருக்கும் இடம்தான் என்றார்கள். திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்பதிலேயே ஒத்துப்போகாதவர்கள் போடும் பட்டியலை நம்பி ஐந்து பெண்கள் ஏழு நாள் சிக்னல் இல்லாத மலையில் நடக்கப் போகிறீர்களா? எனக்குப் புரியவில்லை.

தேனிநடை:
ஐந்து ஆண்கள் என்றால் புரிந்திருக்குமா சார்?

சந்தேகசாமி:
மன்னிக்கவும், அந்த அர்த்தத்தில் சொல்லவில்லை. ஐந்து பேர் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பட்டாளத்தான்:
நான் அந்தப் பக்கம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எந்த இடம், எந்தப் படைப்பிரிவு என்றெல்லாம் எழுதப் போவதில்லை, கேட்கவும் வேண்டாம். செய்தித்தாளில் வந்ததை வைத்தே சொல்கிறேன்.

ஜூலை 28-ல் ஆபரேஷன் மகாதேவ் நடந்தது. பைசரன் தாக்குதலில் ஈடுபட்ட மூன்று பேரும் அதில் கொல்லப்பட்டதாக உள்துறை அமைச்சர் அமித் ஷா மறுநாள் மக்களவையில் சொன்னார். எங்கே நடந்தது என்று பார்த்தீர்களா? ஸ்ரீநகரை ஒட்டிய தாச்சிகாம் காட்டு மலைகளில், மகாதேவ் சிகரத்துப் பக்கம். பஹல்காமுக்கும் தாச்சிகாமுக்கும் சாலை வழியாகப் போனால் நல்ல தூரம், பள்ளத்தாக்கில் இறங்கி அனந்த்நாக் சுற்றி வர வேண்டும். மலைமேல் அப்படி இல்லை. தார்சர் மார்சர் நடை போனவர்களுக்குத் தெரியும்: ஆருவிலிருந்து லித்தர்வட், அங்கிருந்து மேலே தார்சர், பக்கத்திலேயே மார்சர். அந்த மார்சர் ஏரியிலிருந்து கிளம்பும் தக்வான் ஓடைதான் தாச்சிகாமுக்குள் ஓடி வருகிறது. அவர்கள் அந்த வழியாகத்தான் போனார்கள் என்று நான் சொல்லவில்லை, எனக்குத் தெரியாது. ஆனால் நீங்கள் "அழகான ரிட்ஜ் லைன்" என்று படம் பிடிக்கும் அதே முகடுதான் ஒளிந்திருப்பவனுக்கும் பாதை. ஊரைத் தொடாமல் ஒரு மாவட்டத்திலிருந்து இன்னொரு மாவட்டத்துக்குப் போக அதுதான் வசதி. பூங்காவை முதலில் திறந்து முகட்டைக் கடைசியில் திறப்பதற்குக் காரணம் அதிகாரிகளின் சோம்பேறித்தனம் என்று நினைக்காதீர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கோடைக்கு மட்டும் மேலே வரும் குஜ்ஜர், பகர்வால் மேய்ப்பர்கள் கல்லும் மரமும் வைத்துக் கட்டிய குடிசைகள் அந்தப் புல்வெளிகளில் நிறைய. செப்டம்பர் கடைசியில் அவர்கள் இறங்கிவிட்டால் குடிசை காலி. காலிக் குடிசை எல்லாவற்றையும் தேடிப் பார்க்காமல் ஒரு மலையைப் "பாதுகாப்பானது" என்று எவனும் கையெழுத்துப் போட மாட்டான்.

பனிக்காலணி:
பட்டாளத்தான் அண்ணே, நல்ல விளக்கம். ஆனால் ஒன்று கேட்கிறேன். 2025-ல் அமர்நாத் யாத்திரை ஜூலை 3-ல் வழக்கம்போல் தொடங்கியது. பஹல்காம், சந்தன்வாரி, சேஷ்நாக், பஞ்சதரணி வழி முழுக்கத் திறந்திருந்தது. நான்கு லட்சத்துக்கும் மேல் ஆட்கள் போனார்கள். பக்கத்துப் பள்ளத்தாக்கில் லித்தர்வட்டுக்கு ஒரு குடும்பம் நடந்து போக முடியாது. ஒரே மலை, ஒரே மாதம்.

பட்டாளத்தான்:
தம்பி, யாத்திரைக்கு 580 கம்பெனி (படைப்பிரிவு) மத்தியப் படை வந்தது. பாதை முழுக்க ஆள். ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 10 வரை பறக்கத் தடை, அதனால் ஹெலிகாப்டர் சேவையே இல்லை. யாத்திரை வண்டி போகும்போது மற்ற வண்டியை நிறுத்தி வைப்பார்கள். அதைத் திறந்த பாதை என்று சொன்னால் எப்படி? 48 கிலோமீட்டருக்கு மனிதச் சுவர் கட்டி அதற்குள் நடக்க விட்டார்கள். நீங்கள் கேட்கும் ஏரிகளுக்கு அந்தச் சுவரைக் கட்ட ஆள் எங்கே? பன்னிரண்டு பேர் கொண்ட ஒரு ட்ரெக் குழுவுக்கு ஒரு பிளட்டூனை அனுப்ப முடியுமா?

பனிக்காலணி:
சரி, அது நியாயம். ஆனாலும் எரிச்சல் போகவில்லை.

இரட்டைப்பை:
நான் அக்டோபரில் போய்விட்டு வந்தேன். தனியாக, பத்து நாள். பெரிய சாகசம் ஒன்றும் இல்லை, ஸ்ரீநகர், பஹல்காம், ஆரு மட்டும். பார்த்ததைச் சொல்கிறேன், முடிவு நீங்கள் எடுங்கள்.

சென்னையிலிருந்து ரயிலில் கத்ரா, அங்கிருந்து வந்தே பாரத் ஸ்ரீநகர். ஜூன் 6-ல் தொடங்கியதுதான். செனாப் பாலத்தில் வரும்போது பெட்டி முழுக்க எழுந்து ஒரு பக்கமாக நின்றது, 359 மீட்டர் உயரம் என்று பக்கத்து சீட்டுத் தாத்தா மூன்று முறை சொன்னார். கத்ராவில் இறங்கி வண்டி மாற வேண்டும், சாமான் சோதனை முழுக்க நடக்கும், அதற்கு நேரம் வைத்துக்கொள்ளுங்கள். நான் ஒரு மணி நேரம் போதும் என்று நினைத்து ஓடினேன்.

பஹல்காம் ஊரில் கடைகள் திறந்திருந்தன, ஆட்கள்தான் குறைவு. நான் தங்கிய இடத்தில் இருபது அறைக்கு நான் ஒருத்தியும் ஒரு குஜராத்திக் குடும்பமும். குதிரைக்காரர்கள் பேருந்து நிறுத்தத்திலேயே சுற்றிக்கொள்வார்கள் என்று எல்லோரும் பயமுறுத்தியிருந்தார்கள். அப்படி எதுவும் இல்லை. ஒருவர் பக்கத்தில் வந்து, "மேடம், குதிரை வேண்டாமென்றாலும் பரவாயில்லை, எங்களைப் பற்றித் தப்பாக மட்டும் போய்ச் சொல்லாதீர்கள்" என்றார். அன்று பைசரனில் இறந்த 26 பேரில் ஒருவர் அதே ஊர்ப்பக்கத்துக் குதிரைக்காரர், சுற்றுலா வந்தவர்களைக் காப்பாற்றப் போய் இறந்தவர். அதை அவர் சொல்லவில்லை, எனக்கே ஞாபகம் வந்தது. அதற்குப் பிறகு என்னால் வேண்டாமென்று சொல்ல முடியவில்லை, ஆரு வரைக்கும் குதிரையில்தான் போனேன். பன்னிரண்டு கிலோமீட்டர், முதுகு போச்சு.

ஆரு போகும் வழியில் இரண்டு இடத்தில் நிறுத்தினார்கள். ஆதார் அசல் கேட்டார்கள், போனில் இருக்கும் படம் செல்லாது. எங்கே தங்குகிறாய், எப்போது திரும்புவாய் என்று எழுதிக்கொண்டார்கள், மரியாதையாகத்தான் பேசினார்கள். லித்தர்வட் பக்கம் கொஞ்சம் நடந்துவிட்டு வரலாமா என்று கேட்டதற்குச் சிரித்துவிட்டு, "ஊர் எல்லை வரைக்கும்" என்றார்கள். பனிக்காலணி சொன்ன கோடு கணக்கு அதுதான். ஆரு திறந்திருந்தது, ஆருவிலிருந்து கிளம்பும் பாதை திறக்கவில்லை.

போன் விஷயம் மறக்காதீர்கள்: வெளிமாநில ப்ரீபெய்ட் சிம் ஜம்மு காஷ்மீரில் வேலை செய்யாது, போஸ்ட்பெய்ட் மட்டும்தான். இதை எத்தனை பேர் அங்கே போய் இறங்கிய பிறகு கண்டுபிடிக்கிறார்கள் தெரியுமா. அந்தக் குஜராத்திக் குடும்பத்தில் நான்கு போனில் ஒன்றுதான் உயிரோடு இருந்தது.

சந்தேகசாமி:
இரட்டைப்பை, குதிரைக்காரர் கதை மனசைத் தொடுகிறது, மறுக்கவில்லை. ஆனால் அவர் பிழைப்புக்காக நாம் போக வேண்டும் என்ற வாதம் எனக்குப் பிடிக்கவில்லை. மே 27-ல் முதலமைச்சர் உமர் அப்துல்லா பஹல்காமிலேயே அமைச்சரவைக் கூட்டம் போட்டார், பயப்படாமல் வாருங்கள் என்று சொல்வதற்காக. நல்ல விஷயம். ஆனால் சட்டம் ஒழுங்கு அவர் கையில் இல்லை, யூனியன் பிரதேசம் என்பதால் துணைநிலை ஆளுநர் கையில். வாருங்கள் என்று கூப்பிடுபவர் ஒருவர், கதவைத் திறப்பவர் வேறொருவர். இதற்கு நடுவில் சுற்றுலாப் பயணியை "இயல்பு நிலை திரும்பிவிட்டது" என்பதற்குச் சாட்சியாக நிறுத்துகிறார்கள். 2024-ல் ஜம்மு காஷ்மீருக்கு 2.36 கோடி பேர் வந்தார்கள் என்று சொன்னார்களே, அதில் பெரும்பகுதி வைஷ்ணோ தேவி உள்ளிட்ட கோயில்களுக்கு ஜம்முவுக்குப் போனவர்கள். அந்த எண்ணைக் காட்டித்தான் எல்லாம் சரியாகிவிட்டது என்று நம்ப வைத்தார்கள். நான் சாட்சியாக நிற்கத் தயாரில்லை.

இரட்டைப்பை:
நான் சாட்சி சொல்லப் போகவில்லை சார். சினார் மரத்து இலை சிவக்கும் என்றார்கள், பார்க்கப் போனேன்.

பட்டாளத்தான்:
சந்தேகசாமி சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. 1988-ல் காஷ்மீருக்கு ஏழு லட்சத்துக்கு மேல் சுற்றுலாப் பயணிகள் வந்தார்கள், 90-களின் தொடக்கத்தில் அது சில ஆயிரத்துக்கு விழுந்தது. அப்போதும் வெளிநாட்டு ட்ரெக்கர்கள் வந்துகொண்டிருந்தார்கள், மலைக்கும் அரசியலுக்கும் என்ன சம்பந்தம் என்று. 1995 ஜூலையில் அதே லித்தர் பள்ளத்தாக்கு மலைகளில் ஆறு பேரைக் கடத்தினார்கள். ஒருவர் தப்பித்தார், நார்வேக்காரரைக் கொன்றுவிட்டார்கள், மற்ற நான்கு பேர் கடைசிவரை கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு அந்தப் பக்கம் கூடாரம் போட வெளியார் வர எத்தனை வருடம் ஆனது. கதவு மூடுவது ஒரே நாள். 2019-லும் பாருங்கள், ஆகஸ்ட் 2-ல் எல்லோரும் உடனே கிளம்புங்கள் என்று அறிவிப்பு, அது விலக அக்டோபர் 10 ஆனது. சீசனே போய்விட்டது.

கணக்குப்பிள்ளை:
அரசியலை விட்டுவிட்டுப் பணத்துக்கு வாருங்கள். தேனிநடை, "அடுத்த வருடத்துக்கு மாற்றிக்கொள்ளலாம்" என்பதை எழுத்தில் வாங்கியிருக்கிறீர்களா? அதில் கெடு தேதி இருக்கும், பாருங்கள். எனக்கு இதே மாதிரி நடந்தது, இமாசலத்தில் ஒரு நடைக்கு. மாற்றிக்கொள்ளலாம் என்றார்கள், பன்னிரண்டு மாதத்துக்குள் என்று சின்ன எழுத்தில் இருந்தது, பதின்மூன்றாவது மாதம் கேட்டேன், போச்சு.

அப்புறம் பயணக் காப்பீடு. போர், பயங்கரவாதம், அரசு உத்தரவால் மூடல் ஆகிய மூன்றும் விலக்குப் பட்டியலில் இருக்கிறதா என்று பாலிசியில் தேடுங்கள். பல பாலிசிகளில் போர் கட்டாயம் விலக்கு. பயங்கரவாதத்தைச் சிலர் சேர்க்கிறார்கள், சிலர் மருத்துவச் செலவுக்கு மட்டும் சேர்க்கிறார்கள், பயணம் ரத்தானால் கிடையாது. இன்னொரு ஓட்டை: எத்தனை மீட்டர் உயரம் வரை செல்லும் என்ற வரி. உங்கள் காட்சர் கணவாய் 4,200 என்றால், 4,000 வரை மட்டும் என்று போட்ட பாலிசி வெறும் காகிதம்.

விமானத்துக்கு வந்தால், 2025 மே 7-ல் ஆபரேஷன் சிந்தூர் தொடங்கிய பிறகு ஸ்ரீநகர் உட்பட 32 விமான நிலையங்களில் பயணிகள் சேவை நின்றது, 12-ம் தேதிதான் திரும்பத் திறந்தார்கள். அந்த மாதிரி விமானமே ரத்தானால் பணம் திரும்பும். விமானம் பறக்கிறது, ஆனால் உங்கள் மலை மூடியிருக்கிறது என்றால் ஒரு பைசா வராது. உங்களுக்கு நடக்கக்கூடியது இரண்டாவதுதான். ஆகவே விலை கூடினாலும் ரத்து செய்யக்கூடிய டிக்கெட், இல்லையென்றால் ரயில்.

பனிதேச_பறவை:
நான் டொராண்டோவில் இருக்கிறேன், கனடிய பாஸ்போர்ட். ஊருக்கு வரும்போது இந்த நடையைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று ஆசை. எங்களுக்கு ஏதாவது தனி விதி உண்டா?

கணக்குப்பிள்ளை:
உங்களுக்குத் தலைவலி இங்கே இல்லை, அங்கே. லடாக் தவிர்த்த ஜம்மு காஷ்மீருக்குப் போகவே வேண்டாம் என்பதுதான் கனடா அரசின் பயண அறிவுரை. பிரிட்டனும் ஏறக்குறைய அதேதான், ஜம்மு நகரத்துக்கு விமானத்தில் போவதற்கு மட்டும் விலக்கு. சொந்த நாட்டு அரசு "போகாதே" என்று சொன்ன இடத்துக்கு உங்கள் ஊர்க் காப்பீடு பெரும்பாலும் செல்லாது. கால் சுளுக்கினால்கூட உங்கள் கைக்காசு.

பட்டாளத்தான்:
இன்னொன்று, வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் கவனமாகக் கேட்டுக்கொள்ளுங்கள். மலையில் பயன்படுத்தும் சாட்டிலைட் மெசேஞ்சர் கருவி இருக்கிறதே, உங்கள் ஊரில் கடையில் வாங்கி பையில் தொங்கவிடுவீர்கள், இங்கே அனுமதியில்லாமல் சாட்டிலைட் போன் வைத்திருப்பது குற்றம், அந்தக் கருவியையும் அதே கணக்கில்தான் சேர்ப்பார்கள். விமான நிலைய சோதனையில் அதற்காகக் கைதான வெளிநாட்டவர் உண்டு. காஷ்மீர் வேண்டாம், கோவா விமான நிலையத்திலேயே பிடித்திருக்கிறார்கள். ட்ரோன் கொண்டுவரவே வேண்டாம். விமானத்தில் ஸ்ரீநகர் வந்தால் ஜன்னல் மறைப்பை மூடச் சொல்லக்கூடும், 2025 மே-யில் வந்த உத்தரவு, ராணுவ விமானத்தளமும் அதுவேதான் என்பதால். உடனே வீடியோ எடுத்துப் போட்டு வம்பில் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

தேனிநடை:
எவ்வளவு விஷயம்! நன்றி எல்லோருக்கும். சரி, கிரேட் லேக்ஸ் இல்லை என்றால் அங்கேயே வேறு ஏதாவது? தோசமைதான், குரேஸ், வார்வன் என்றெல்லாம் ஒரு தோழி பட்டியல் அனுப்புகிறாள். இன்னொருத்தி லடாக் போய்விடலாம் என்கிறாள்.

பனிக்காலணி:
உங்கள் தோழி தேடிப் பிடித்து மூடிய இடமாகவே அனுப்பியிருக்கிறார் போலிருக்கிறது, சிரிக்காமல் என்ன செய்ய.

வார்வன் போக மர்கன் டாப் தாண்ட வேண்டும், அதுவும் 48-ல் ஒன்று. அந்தப் பக்கம் இறங்கினால் கிஷ்துவார் மாவட்டம், 2025 முழுக்க அங்கே காட்டுக்குள் மோதல்கள்.

குரேஸ் வேறு கதை. 2021 பிப்ரவரியில் எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டில் துப்பாக்கிச் சூடு நிறுத்தத்துக்கு இரண்டு நாடும் ஒப்புக்கொண்ட பிறகுதான் குரேஸ், கேரன், பங்கஸ் பக்கமெல்லாம் ஆட்கள் போக ஆரம்பித்தார்கள். கேரனில் ஆற்றுக்கு அக்கரை பாகிஸ்தான் வசம், இக்கரையில் வீட்டு அறைகளை வாடகைக்கு விட்டு நான்கு வருடம் நன்றாக ஓடியது. 2025 மே-யில் ஷெல் விழத் தொடங்கியதும் ஒரே வாரத்தில் காலி. கடன் வாங்கி அறை கட்டியவர்களை நினைத்துப் பாருங்கள். மோதல் நின்றது மே 10-ல். ஆனால் அடுத்த கோடைக்கு முன்பணம் கொடுக்க யாருக்குத் தைரியம் வரும்?

தோசமைதானைப் பற்றி மட்டும் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன், எனக்கு மிகவும் பிடித்த இடம். பட்காம் மாவட்டத்தில் பெரிய புல்வெளி. 1964-லிருந்து ஐம்பது வருடம் அது ராணுவத்தின் பீரங்கிப் பயிற்சித் திடல். மாடு மேய்க்கப் போனவர்கள், விறகு பொறுக்கிய பெண்கள், வெடிக்காத குண்டை விளையாட்டுப் பொருள் என்று எடுத்த பிள்ளைகள் என்று பலர் செத்தார்கள், கை கால் போனவர்கள் அதைவிட அதிகம். ஊர்மக்கள் போராடி, தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு, 2014-ல் குத்தகையை நீட்டிக்க விடாமல் தடுத்தார்கள். குண்டுகளைப் பொறுக்கிச் சுத்தம் செய்த பிறகுதான் சுற்றுலா வந்தது. அந்த ஊர்களே முன்னின்று கூடாரமும் தேநீர்க் கடையும் போட்டார்கள். நான் 2022-ல் போனபோது வழிகாட்டிப் பையன், "பாதையை விட்டு அந்தப் பள்ளத்துப் பக்கம் போகாதீர்கள்" என்று இரண்டு இடத்தில் கையைப் பிடித்து இழுத்தான். அப்படி வாங்கிய புல்வெளிதான் 2025-ல் மறுபடி பூட்டிய பட்டியலில்.

இரட்டைப்பை:
லடாக்: செப்டம்பர் 24-ல் லே நகரில் கலவரம், நான்கு பேர் இறந்தார்கள், ஊரடங்கு போட்டார்கள், இணையத்தை நிறுத்தினார்கள். பின்பு தளர்த்திவிட்டார்கள். ஆகவே அதையும் "இங்கே ஒன்றும் நடக்காது" என்று கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் உயரத்துக்குப் பழகிய ஐந்து பேருக்கு அதுதான் என் இரண்டாவது தேர்வு.

பட்டாளத்தான்:
எல்லோரும் துப்பாக்கியைப் பற்றியே பேசுகிறீர்கள். 2025-ல் அந்த மலைகளில் அதிகம் பேரைக் கொன்றது தண்ணீர். ஆகஸ்ட் 14-ல் கிஷ்துவார் சசோதியில் மேக வெடிப்பு, மச்சைல் மாதா யாத்திரைக்கு வந்து சமூகச் சமையலறையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. ஆகஸ்ட் 26-ல் வைஷ்ணோ தேவிப் பாதையில் அத்குவாரி பக்கம் நிலச்சரிவு, முப்பதுக்கு மேல் சாவு. அமர்நாத் யாத்திரையையே மழையால் ஒரு வாரம் முன்னால் நிறுத்தினார்கள். ஜம்மு ஸ்ரீநகர் நெடுஞ்சாலை நாட்கணக்கில் அடைபட்டு ஆப்பிள் லாரிகள் வழியிலேயே அழுகின. ஜூலை கடைசி, ஆகஸ்ட் என்று தேதி வைக்காதீர்கள். திரும்பி வரும் நாளுக்கும் வேலைக்குச் சேரும் நாளுக்கும் இடையில் மூன்று நாளாவது விடுங்கள்.

சந்தேகசாமி:
இதை நான் முழுக்க ஒப்புக்கொள்கிறேன். ஆச்சரியமாக இருந்தால் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். நவம்பர் 10-ல் டெல்லி செங்கோட்டை அருகே கார் வெடித்து, விசாரணை காஷ்மீர் பக்கம் போன பிறகு, இந்தக் குளிரில் எந்த அதிகாரியும் புதிதாக மலைப்பாதையைத் திறந்து வைக்கமாட்டார் என்பதும் என் கணிப்பு. தப்பாகப் போனால் சந்தோஷம்தான்.

பனிக்காலணி:
என் கணிப்பு: காட்சர் பக்கம் பனி உருகவே ஜூன் கடைசி ஆகும், அதற்கு முன் யாரும் அவசரப்பட்டு அனுமதி பற்றிப் பேசமாட்டார்கள். மே மாதம் வரை எந்த ஏற்பாட்டாளர் "உறுதி" என்று சொன்னாலும் அது அவர் ஆசை. நாராநாக்கில் ஒரு வழிகாட்டி எனக்குத் தெரிந்தவர், இந்தக் கோடை முழுக்க ஸ்ரீநகரில் கட்டட வேலைக்குப் போனார். கூடாரங்களை எலி கடித்துவிட்டதாம். சீசன் இருக்குமா என்று என்னிடம் கேட்கிறார், நான் அவரிடம் கேட்கிறேன்.

தேனிநடை:
எங்கள் குழுவில் நேற்று இரவு பேசி முடித்துவிட்டோம். ஏற்பாட்டாளருக்கு எழுதினோம்: நாராநாக்கில் இறங்கவும் காட்சர், சத்சரில் தங்கவும் அனுமதி எழுத்தில் வந்தால் ஜூலை முதல் வாரம், மே 31-க்குள் வராவிட்டால் பணத்தைத் திருப்பித் தரவேண்டும். கணக்குப்பிள்ளை சொன்னதுபோல் கெடு தேதியைத் தேடினேன், ஏப்ரல் 30 என்று இருந்தது! அதை நீட்டச் சொல்லியும் எழுதியாயிற்று. "பார்க்கிறோம் மேடம்" என்று பதில் வந்திருக்கிறது, பாசிட்டிவ் போய்விட்டது.

மலை கிடைக்காவிட்டால் ரயிலில் போய் இரட்டைப்பை போன வழியே ஆருவில் நான்கு நாள் தங்குவோம், ஊர் எல்லை வரைக்கும் நடப்போம். ஐந்து பேரில் மூன்று பேருக்குப் ப்ரீபெய்ட் சிம், அதை மாற்றுவதுதான் முதல் வேலை. இரட்டைப்பை, அந்தக் குதிரைக்காரர் எண் இருந்தால் தனிச்செய்தியில் அனுப்ப முடியுமா? அம்மாவும் வருகிறேன் என்று சொல்லிவிட்டார், அவரால் பன்னிரண்டு கிலோமீட்டர் நடக்க முடியாது.